புளூம்பெர்க்கின் நியூயார்க்: 2008 சரிவுக்குப் பிறகு நடந்த நகர மறுவளர்ச்சியை எந்தக் கணக்கில் எடைபோடுவது?

தெற்குவாசல்

மைக்கேல் புளூம்பெர்க் 2002 ஜனவரி முதல் 2013 டிசம்பர் வரை நியூயார்க் மேயர். சட்டப்படி இரண்டு தவணைதான். 2008 அக்டோபரில் நகர மன்றம் 29-22 வாக்கில் அதை மூன்றாக்கியது. லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலாகி நிதிச்சரிவு வந்த கையோடு சொல்லப்பட்ட காரணம், இந்த நெருக்கடியில் நிதி தெரிந்த ஆள் வேண்டும் என்பது. ஆகவே சரிவுக்காலச் செயல்பாட்டை வைத்து அவரை மதிப்பிடுவதில் அநியாயம் எதுவும் இல்லை. அந்தத் தவணையை அவர் கேட்டு வாங்கியதே அதற்காகத்தான்.

சிக்கல் அளவுகோலில். ஆதரிப்பவர்கள் ஹட்சன் யார்ட்ஸ் கோபுரங்கள், பழைய ரயில் மேம்பாலத்தில் அமைந்த ஹை லைன் பூங்கா, பார்க்லேஸ் விளையாட்டரங்கம் என்று கட்டடங்களைக் காட்டுகிறார்கள். எதிர்ப்பவர்கள் வீடற்றோர் காப்பகக் கூட்டத்தைக் காட்டுகிறார்கள். இரண்டுமே அரைகுறை. தேதி, தொகை, யார் தலையில் விழுந்தது என்று வரிசையாகப் பேசலாமா? "பணக்காரர் மேயர்" வகைப் பதிவுகள் இங்கே வேண்டாம்.

மனைக்கட்டு

முதலில் கட்டட அனுமதி எண்ணிக்கையிலிருந்து ஆரம்பிக்கிறேன். எல்லோரும் வழுக்கி விழுகிற இடம் அது.

நியூயார்க்கில் குடியிருப்புக்கு அனுமதி வாங்கிய வீடுகள்: 2007ல் 31,902. 2008ல் 33,911. 2009ல் 6,057. மேலோட்டமாகப் பார்த்தால் 2008ல் மேயர் தாக்குப்பிடித்தார், 2009ல் சரிவு அடித்தது என்று தோன்றும். உண்மையில் 2008 உயரமும் பொய், 2009 பள்ளமும் பாதி பொய்.

காரணம் 421-ஏ. புதுக் குடியிருப்புக் கட்டடம் எழும்பும்போது கூடுகிற மதிப்புக்கு 10 முதல் 25 ஆண்டு வரை சொத்துவரி விலக்கு தந்த மாநிலச் சட்டம் அது. சில பகுதிகளில் மட்டும், 20 சதவீத வீடுகளைக் கட்டுப்படியாகும் விலையில் கொடுத்தால்தான் விலக்கு. 2008 ஜூலை 1 முதல் அந்தப் பகுதிகளின் எல்லை பெரிதாக விரிந்தது. பழைய விதியில் தொடர வேண்டுமானால் அதற்குமுன் பள்ளம் தோண்டி அடித்தளத்தை உண்மையாகவே தொடங்கியிருக்க வேண்டும். அதே நாளில் புதிய கட்டட விதித்தொகுப்பும் நடைமுறைக்கு வந்தது. விளைவு, ஜூன் மாதம் ஊரே அனுமதி வாங்க ஓடியது. அடுத்த ஆண்டுக்கு உரியதெல்லாம் முன்கூட்டியே வந்து 2008ல் உட்கார்ந்துகொண்டது.

ஆகவே தனி ஆண்டை எடுக்காதீர்கள். அடுத்து 2010ல் 6,727, 2011ல் 8,936, 2012ல் 10,334, 2013ல் 17,995. 2008லிருந்து ஆறாண்டும் கூட்டினால் 83,960. சராசரி ஆண்டுக்கு 14,000க்கு ஒரு சில குறைவு. சரிவுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளும் தலைக்கு 30,000க்கு மேல். அதாவது பாதிக்கும் கீழே. இதை ஒரு மேயரின் குற்றமாக நான் சொல்லவில்லை, வங்கிக்கடன் உறைந்த காலம் அது. ஆனால் "சரிவிலும் கட்டினார்" என்ற வாக்கியத்தை இந்த எண்கள் தாங்காது.

இன்னொன்று: அனுமதி என்பது வீடு இல்லை. அனுமதிக்கும் குடியேறும் சான்றிதழுக்கும் இடையே இரண்டு மூன்று ஆண்டு ஓடும். 2009ல் ரிப்பன் வெட்டியது பெரும்பாலும் 2006ன் முடிவு.

சேதுபதி77

அடித்தளம் போட்டுவிட்டுப் பாதியில் நின்றவை என்ன ஆயின? அந்த ஜூன் ஓட்டத்தில் தோண்டிய குழிகள் ஏராளமாக இருந்திருக்குமே.

நிலவரை

இருந்தன. நகரம் முழுக்க நூற்றுக்கணக்கான மனைகள் நின்றுபோயின, புரூக்ளினில் வில்லியம்ஸ்பர்க் பக்கம் கண்கூடாக.

வெளியாட்கள் இதை அழகுப் பிரச்சினையாகப் பார்ப்பார்கள். உண்மையில் இது மண்ணின் பிரச்சினை. நெருக்கமான தெருவில் குழி தோண்டும்போது பக்கத்து மண் சரியாமல் இருக்க எச் வடிவ எஃகுத் தூண்களை இறக்கி, நடுவே மரப்பலகை செருகி, குறுக்கே முட்டுக் கொடுப்பார்கள். இந்த ஷோரிங் சில மாதங்களுக்கென்று கணக்கிட்ட தற்காலிக வேலை. நிலவறைச் சுவரும் தளமும் வந்ததும் பாரம் அவற்றுக்கு மாறிவிடும். வேலை நின்றால் மாறாது. பனிக்காலத்தில் பலகைக்குப் பின்னால் ஈரம் உறைந்து உப்பும், வெயில் வந்ததும் இளகும். இரண்டு பனிக்காலம் போனால் பலகை பிதுங்கி, பின்னால் இருக்கும் மண் மெல்லக் கரைந்து, பக்கத்து வீட்டுப் பழைய கல் அடித்தளம் இறங்கத் தொடங்கும். நீரிறைப்பை நிறுத்தியிருந்தால் இன்னும் சீக்கிரம். முதல் அறிகுறி பக்கத்து வீட்டுச் சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல்.

2009ல் நகரம் கொண்டுவந்த விதி இந்த இடத்தில் புத்திசாலித்தனமானது. உரிமையாளர் பாதுகாப்புத் திட்டம் ஒன்றைக் கொடுத்து, வேலி, நடைபாதைக் கூரை, தளர்ந்த பொருட்கள், ஷோரிங் எல்லாவற்றையும் பராமரித்தால் அனுமதி நான்கு ஆண்டு வரை காலாவதியாகாது. நகரத்துக்குச் செலவு மிகக் குறைவு. உரிமையாளருக்கோ பழைய அனுமதியைக் காப்பாற்றிக்கொள்வது பெரிய ஆசை, அதனால் முன்வந்து பதிவு செய்தார்கள். குறைந்த செலவில் நன்றாக வேலை செய்த சரிவுக்கால நடவடிக்கை ஒன்றைக் காட்டு என்றால் நான் இதைத்தான் காட்டுவேன். யாரும் இதற்கு ரிப்பன் வெட்ட மாட்டார்கள்.

அதே ஆண்டு வந்த இன்னொன்று எடுபடவில்லை. விற்காமல் நின்ற காண்டோ (வீடு வீடாக விற்கும் அடுக்கக) கட்டடங்களைக் கட்டுப்படியாகும் வீடுகளாக மாற்ற 2 கோடி டாலர் ஒதுக்கினார்கள். தொகை சிறிதென்பது ஒருபுறம் இருக்கட்டும். கடன் கொடுத்த வங்கி குறைந்த விலையை ஒப்புக்கொண்டால் அந்த நட்டத்தைத் தன் பேரேட்டில் அன்றே எழுத வேண்டும். எழுதாமல் காத்திருந்தால் எழுத வேண்டியதில்லை. வங்கிகள் காத்திருந்தன.

கணக்குப்பிள்ளை

ஹட்சன் யார்ட்ஸைத் தொடாமல் இந்த இழை முழுமையாகாது. பணம் போன வழியைச் சொல்கிறேன்.

2005 ஜனவரியில் மேற்கு மன்ஹாட்டனின் அந்தப் பகுதிக்கு மண்டல விதி (எங்கே எதை எவ்வளவு கட்டலாம் என்ற விதி) மாற்றம் வந்தது. ஒலிம்பிக்ஸைக் காட்டிக் கேட்ட விளையாட்டரங்கம் அதே ஆண்டு ஜூனில் மாநிலக் குழுவில் விழுந்தது. மீதமிருந்தது அலுவலகக் கோபுரங்களும், 7ஆம் எண் சுரங்க ரயிலை டைம்ஸ் சதுக்கத்திலிருந்து 34ஆம் தெருவரை ஒன்றரை மைல் நீட்டுவதும். நகரம் தனியாக ஒரு உள்கட்டமைப்புக் கழகத்தை உருவாக்கி 2006 டிசம்பரில் 200 கோடி, 2011ல் 100 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் விற்றது.

அடைப்பது எப்படி? அந்தப் பகுதியில் எழும் புதுக் கட்டடங்கள் வரிக்குப் பதிலாகக் கட்டும் தொகை, கூடுதல் உயரத்துக்கு வாங்கும் உரிமைக்கான விலை, அடுக்ககங்களும் ஓட்டல்களும் கட்டும் சொத்துவரிக்கு இணையாக நகரம் ஒதுக்கும் தொகை. "தன் காலில் நிற்கும் திட்டம்" என்று விற்ற கதை இதுதான். ஆனால் பத்திரத்திலேயே ஒரு வரி உண்டு: வருமானம் போதாவிட்டால் வட்டியை நகரம் ஆண்டுதோறும் ஒதுக்கிக் கட்டும்.

2009லிருந்து 2012 வரை எதிர்பார்த்த அலுவலகக் கோபுரங்கள் எழவில்லை. ஆகவே வட்டியில் ஒரு பகுதி பொது நிதியிலிருந்து போனது. 200 கோடிக்கு 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலே மொத்த வட்டி ஆண்டுக்கு 10 கோடி டாலர். அதே சமயம் 2009 ஜனவரியில் முந்தைய 7 சதவீதச் சொத்துவரிக் குறைப்பைத் திரும்பப் பெற்றார்கள். ஆகஸ்டில் நகர விற்பனை வரி 4லிருந்து 4.5 ஆனது. சாமானியனுக்கு வரி ஏறிய அதே ஆண்டுகளில், ஹட்சன் யார்ட்ஸில் வரப்போகும் சில கோபுரங்களுக்கு 40 சதவீதம் வரை வரித்தள்ளுபடி ஏற்கெனவே உறுதியாகியிருந்தது. நியூ ஸ்கூல் ஆய்வாளர்கள் 2018ல் கூட்டிய பொதுச்செலவு 220 கோடி டாலர்.

என் பார்வையில் தவறு திட்டத்தில் இல்லை, சரிவு வந்தால் யார் வட்டி கட்டுவது என்ற அந்த ஒரு வரியில். நில உரிமை வாங்குகிறவர் தலையிலும் அதில் ஒரு பங்கைச் சுமத்தியிருக்க வேண்டும்.

மனைக்கட்டு

கணக்குப்பிள்ளை சார், தேதிகளை வைத்தே மறுக்கிறேன். பத்திரம் விற்றது 2006, சுரங்க ஒப்பந்தம் 114 கோடி டாலருக்குக் கையெழுத்தானது 2007. இரண்டும் சரிவுக்கு முந்தியவை. 2009ல் அவர் முன் இருந்த கேள்வி, தோண்டும் இயந்திரத்தை நிறுத்துவதா வேண்டாமா என்பது மட்டுமே. நிறுத்தினால் ஒப்பந்தக்காரருக்கு இழப்பீடு, நின்ற சுரங்கத்தில் நீரிறைப்பு, திரும்ப ஆள் கூட்டும் செலவு, இவ்வளவும் கட்டிய பிறகும் வட்டி நிற்காது. தொடர்ந்ததுதான் சரி.

என்னுடைய புகார் வேறு. 10ஆம் அவென்யூ, 41ஆம் தெருவில் வரவேண்டிய நடு நிலையத்தைச் செலவு ஏறியதும் கைவிட்டார்கள். நகரமும், சுரங்க ரயிலை நடத்தும் எம்டிஏவும் நீ கட்டு நான் கட்டு என்று நின்றன. ஒன்றரை மைலில் கிடைக்க வேண்டிய இரண்டு நிலையத்தில் ஒன்று போயிற்று. பிறகு ஓடும் பாதையில் நிலையம் குடைவதென்றால் பலமடங்கு ஆகும். அன்று வெறும் கூட்டையாவது வெட்டி வைத்திருக்கலாம்.

நிலவரை

திறப்பு விழாக் கதையும் உண்டு. 2013 டிசம்பரில் பதவி முடியும் தறுவாயில் புளூம்பெர்க் அந்தப் பாதையில் சடங்காக ஒரு ரயிலில் போய்வந்தார். பயணிகளுக்குத் திறந்தது 2015 செப்டம்பர் 13. தாமதத்தில் பெரிய பங்கு சாய்வு லிஃப்டுகளுக்கு. நிலையம் ஆழமானது, நகரும் படிக்கட்டுக்கு இணையாகச் சாய்ந்தே ஏறி இறங்கும் லிஃப்ட். சக்கர நாற்காலிக்காரரை மூலைக்கு அனுப்பாமல் எல்லோரும் போகும் வழியிலேயே கூட்டிப்போகும், நல்ல யோசனைதான். ஆனால் அமெரிக்க சுரங்க ரயிலுக்குப் பழக்கமில்லாத பொருள். இத்தாலியில் செய்து, அங்கேயே தொழிற்சாலைச் சோதனையில் தவறி, மறுபடி சரிசெய்து வந்தது. நெரிசல் நிலையத்தில் முதல்முறையாக ஒரு கருவியைப் போடுகிறோம் என்றால் அதன் மாதிரியை இரண்டாண்டு முன்னாலேயே ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

சேதுபதி77

யார்டின் மேலே கட்டும் உரிமையை விற்றது மேயரா, எம்டிஏவா?

மனைக்கட்டு

எம்டிஏ, அது மாநில அமைப்பு. 26 ஏக்கர், அடியில் லாங் ஐலண்ட் ரயில் யார்டு. 2008 மார்ச்சில் டிஷ்மன் ஸ்பையர் என்ற கட்டுமான நிறுவனம் 100 கோடி டாலருக்குச் சற்று மேல் கேட்டு வென்றது. மே மாதமே பேச்சு முறிந்தது. ரிலேட்டட் நிறுவனம் அதே அளவுத் தொகைக்கு வந்தது, கூட்டாளியாக வந்த கோல்ட்மன் சாக்ஸ் விலகி 2010ல் ஆக்ஸ்ஃபோர்டு சேர்ந்தது. 2010 ஒப்பந்தத்தின் சூட்சுமத்தைப் பாருங்கள்: சந்தை தேறியதற்கான அறிகுறிகள் வந்தால்தான் குத்தகை முழுமையாக அமலாகும். அலுவலகக் காலியிட விகிதம், காண்டோ விலை, கட்டடக்கலைஞர்களுக்கு வேலை கூடுகிறதா என்று காட்டும் பில் குறியீடு, இந்த மூன்றையும் வைத்தார்கள். சரிவின் ஆபத்து எம்டிஏவிடமும், தேறும் லாபம் கட்டுபவரிடமும் போகிற ஏற்பாடு. அன்றைக்கு வேறு ஆள் வரவில்லை என்பதும் உண்மை.

2011 நவம்பரில் கைப்பை விற்கும் கோச் நிறுவனம் இடம் எடுக்க ஒப்புக்கொண்டது, 2012 டிசம்பரில் முதல் கோபுரத்துக்கு மண் வெட்டினார்கள். அதாவது மேயரின் கடைசி ஆண்டுக்குச் சற்று முன்புதான் வேலையே தொடங்கியது. கீழே 30 தடங்களில் ரயில் ஓடிக்கொண்டே இருக்க, ஒரு நேரத்தில் சில தடங்களை மட்டும் மூடி, நடுவில் பாறைவரை துளையிட்டுத் தூண் இறக்கி, மேலே மேடை. ஒவ்வொரு தூணுக்கும் ரயில் அட்டவணையோடு மல்லுக்கட்ட வேண்டும்.

கீழ்க்கோட்டை

வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு விசா தந்து திரட்டிய பணமும் குறைந்தது 120 கோடி டாலர் இதில் இருக்கிறது. வேலையின்மை மிகுந்த பகுதிக்கென்று சலுகை வைத்த திட்டம். ஹார்லெம் அரசுக் குடியிருப்புகள் வரை கணக்கெடுப்பு வட்டங்களைச் சங்கிலி போலக் கோத்துத் தகுதி காட்டினார்கள்.

தெற்குவாசல்

அது மத்திய அரசின் விதி, வட்டத்துக்குச் சான்று கொடுத்தது மாநிலம். மேயர் கணக்கில் எழுத முடியாது. பார்க்லேஸ் அரங்கம் எழுந்த அட்லாண்டிக் யார்ட்ஸ் திட்டத்துக்கும் அதே கேள்வி.

கணக்குப்பிள்ளை

ஆமாம், அதில் ஓட்டுநர் இருக்கை மாநிலத்துடையது. நகரத்தின் நில ஆய்வு நடைமுறையையே தாண்டிப் போன திட்டம். மேயர் ஆதரித்தார், நகர நிதியும் போனது, அந்த அளவுக்குப் பொறுப்பு. 2009ல் நடந்தது பாடம். ரயில் யார்டுக்கு முன்பணமாக 10 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டிருந்த கட்டுமான முதலாளி ராட்னரிடம், எம்டிஏ 2 கோடி வாங்கிக்கொண்டு மீதியை 22 ஆண்டுக்குத் தவணை போட்டது. அரங்கத்துக்கான 51.1 கோடி டாலர் வரிவிலக்குப் பத்திரத்தை டிசம்பரில் அவசரமாக விற்றார்கள், ஏனென்றால் ஆண்டு முடிந்தால் பழைய மத்திய வரிவிதி போய்விடும். அரங்கம் 2012 செப்டம்பரில் திறந்தது. 2,250 கட்டுப்படியாகும் வீடுகள் என்ற வாக்குறுதியோ தள்ளிக்கொண்டே போனது. சரிவில் ஒப்பந்தத்தைத் திருத்தும்போது அரங்கத்தின் தேதி கெட்டியாகவும் வீட்டின் தேதி இளக்கமாகவும் ஆவது எங்கும் நடப்பது. அரங்கத்துக்குப் பின்னால் பத்திரக்காரர்கள் நிற்கிறார்கள், வீட்டுக்குப் பின்னால் யார்?

கீழ்க்கோட்டை

நான் இரண்டு நிலத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். புளூம்பெர்க்கின் சரிவுக்கால வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

கோனி தீவு: 2009 ஜூலையில் மண்டல விதி மாற்றம், நவம்பரில் தார் எக்விட்டீஸ் என்ற மனை நிறுவனத்திடமிருந்து 6.9 ஏக்கரை நகரமே 9.56 கோடி டாலருக்கு வாங்கியது. ஏக்கருக்கு ஏறக்குறைய 1 கோடியே 39 லட்சம். சரிவில் இது அதிகம் என்று திட்டியவர்கள் உண்டு. ஆனால் அடுத்த மே மாதமே அங்கே லூனா பார்க் திறந்துவிட்டது. நிலம் கையில் இருந்ததால் ஆறு மாதத்தில் ஆட்கள் வந்து போகும் இடமாயிற்று.

புஷ்விக் இன்லெட் பூங்கா: 2005ல் கிரீன்பாயிண்ட்-வில்லியம்ஸ்பர்க் கரையில் உயரக் கோபுரங்களுக்கு அனுமதி கொடுத்தபோது, ஈடாக இந்தக் கரைப்பூங்காவை வாக்களித்தார்கள். கோபுரத்துக்கு அனுமதி அன்றே. பூங்கா நிலம் துண்டு துண்டாக, பணம் கிடைக்கும்போது. விதி மாற்றமே சுற்றுப்புற மனை விலையை ஏற்றியது, ஆகவே நகரம் தானே ஏற்றிய விலைக்குத் தானே வாங்க வேண்டிய நிலை. 2009-10ல் மனை விலை விழுந்தது, அப்போதும் முடிக்கவில்லை. 2015 ஜனவரியில் அங்கிருந்த கிடங்கு தீப்பிடித்து எரிந்தது. கடைசியில் அந்த ஒரு துண்டுக்கு மட்டும் அடுத்த மேயர் காலத்தில் 16 கோடி டாலர்.

சரிவில் மேயரிடம் வரி வருமானம் குறைவு, ஆனால் நிலம் மலிவு. ஏற்கெனவே வாக்களித்த நிலத்தை வாங்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. கோனி தீவில் செய்யத் தெரிந்தவருக்கு வில்லியம்ஸ்பர்க்கில் ஏன் மனம் வரவில்லை?

நிலவரை

கோனி தீவில் விற்கத் தயாரான ஒரே உரிமையாளர், கையில் பயன்படாத நிலம். புஷ்விக்கில் பல உரிமையாளர்கள், ஓடிக்கொண்டிருக்கும் தொழில்கள், எண்ணெய்க் கிடங்கு. மண் சுத்திகரிப்புக்கே ஆண்டுகள் ஆகும். எண்ணெய் இருந்த மண்ணை வாங்குகிறவர், தோண்டியெடுக்கும் மண்ணின் ஒவ்வொரு லாரிக்கும் கட்டணம் கட்ட வேண்டும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

கீழ்க்கோட்டை

அண்ணே, மண் சுத்திகரிப்பு விலையைக் குறைத்துப் பேசத்தான் உதவும், வாங்காமல் இருப்பதற்குக் காரணமாகாது. கட்டாயக் கையகப்படுத்தும் அதிகாரம் நகரத்திடம் இருந்தது. குவீன்ஸின் வில்லெட்ஸ் பாயிண்ட்டில் அதைப் பயன்படுத்துவோம் என்று வண்டி பழுதுபார்க்கும் கடைக்காரர்களை மிரட்டத் தயங்கவில்லையே.

மனைக்கட்டு

வீட்டுத் திட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2003ல் 65,000 வீடு என்று தொடங்கியதைப் பிறகு 1,65,000 ஆக்கினார்கள். சரிவு வந்ததும் கடைசித் தேதியை 2014க்குத் தள்ளி, புதிதாகக் கட்டுவதைக் குறைத்து, இருப்பதைப் பாதுகாப்பதைக் கூட்டினார்கள். பாதுகாத்தல் என்றால் ஏற்கெனவே குடித்தனம் இருக்கும் பழைய கட்டடத்துக்குக் கடனுதவி, பதிலுக்கு வாடகைக் கட்டுப்பாட்டு நீட்டிப்பு. பணத்துக்கு அதிக வீடு கணக்கில் வரும், புதுக் குடும்பத்துக்கு இடம் வராது. கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தால் இந்த மாற்றம் தெரியவே தெரியாது. எண்ணுவதும் கடன் ஒப்பந்தம் முடிந்த நாளில், சாவி கொடுத்த நாளில் அல்ல.

தெற்குவாசல்

காப்பகக் கணக்கு இதோடு சேர்கிறது. வீடற்ற குடும்பங்களுக்கு அரசுக் குடியிருப்பில் இருந்த முன்னுரிமையை அவரது நிர்வாகம் 2000களின் நடுவிலேயே நிறுத்திவிட்டது. மாற்றாக வைத்திருந்த அட்வான்டேஜ் வாடகை உதவி, மாநிலம் தன் பங்கை வெட்டியதும் 2011ல் முடிந்தது. 2013ல் காப்பகங்களில் 50,000 பேருக்கு மேல். நிதியை வெட்டியது மாநிலம் என்பார்கள். முன்னுரிமையைத் திரும்பக் கொடுக்க மாநிலத்தைக் கேட்க வேண்டியதில்லை, பணமும் வேண்டியதில்லை.

சேதுபதி77

அப்படியானால் எந்த முடிவை அவர் பெயரில் எழுதுவது என்று ஒரு கோடு போடுங்களேன். இல்லாவிட்டால் இழை வளர்ந்துகொண்டே போகும்.

கணக்குப்பிள்ளை

2008 செப்டம்பர் 15க்கும் 2013 டிசம்பர் 31க்கும் இடையே நகரம் தானே கையெழுத்திட்டவை மட்டும் என்று வையுங்கள். ஹட்சன் யார்ட்ஸில் 2011ன் 100 கோடிப் பத்திரம் உள்ளே, 2006ன் 200 கோடி வெளியே, ஆனால் அதற்குக் கட்டிய வட்டி ஒதுக்கீடு உள்ளே. ஹை லைனின் முதல் பகுதி 2009 ஜூனில் திறந்தாலும் வெளியே, அதன் விதி மாற்றம் 2005. கோனி தீவு உள்ளே. நின்ற மனை விதி உள்ளே. வில்லெட்ஸ் பாயிண்ட் 2008 நவம்பரில் மன்ற ஒப்புதல், ஆகவே உள்ளே. பிறகு அதில் வாகன நிறுத்த மைதானத்தில் வணிக வளாகம் என்று திருப்பியதும் உள்ளே. அது பூங்கா நிலம் என்று 2017ல் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் தடுத்துவிட்டது. மன்ஹாட்டனின் கிழக்கு மிட்டவுன் பகுதிக்கான விதி மாற்றம் 2013 நவம்பரில் வாக்குக் கிடைக்காமல் திரும்பப் பெறப்பட்டது, அதையும் எழுத வேண்டும்.

வட்டி ஒதுக்கீட்டைத் தேடும்போது ஒன்று கவனம். நியூயார்க் நகரின் நிதியாண்டு ஜூலை 1ல் தொடங்கும். 2009 நிதியாண்டு என்றால் 2008 ஜூலை முதல் 2009 ஜூன் வரை. காலண்டர் ஆண்டு அனுமதி எண்களோடு அதை அப்படியே பக்கத்தில் ஒட்டினால் ஆறு மாதம் பிசகும். கழகத்தின் தணிக்கை அறிக்கையில் நகரத்திடமிருந்து வந்த வட்டி உதவி தனி வரியாக இருக்கும், வரிக்கு இணையான ஒதுக்கீடு இன்னொரு வரி. இரண்டையும் கூட்டாமல் பேசுகிறவர்கள் செலவைப் பாதியாக்கிவிடுகிறார்கள்.

கீழ்க்கோட்டை

கோடு சரி. ஆனால் "செய்யாமல் விட்டது" என்ற பத்தி உங்கள் அட்டவணையில் இல்லை. புஷ்விக் அங்கேதான் வரும்.

கணக்குப்பிள்ளை

சேர்க்கலாம், ஒரு நிபந்தனை. வாக்குறுதி எழுத்தில் இருக்க வேண்டும், அதற்கு அதிகாரமும் நகரத்திடமே இருந்திருக்க வேண்டும். புஷ்விக் தேறும். 10ஆம் அவென்யூ நிலையம் பாதிதான் தேறும், மனைக்கட்டு கோபித்துக்கொள்ள வேண்டாம்.